நன்றி சொன்ன பக்கம்

கோகிலா தரம் ஒன்பதோடு ஏன் நின்றாள் என்று யாராவது கேட்டால், அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம், வீட்டைப் பார்க்க ஆள் இல்லை என்பாள். அது பொய்யில்லை. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பே நிற்பதென்று அவள் மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள். கணிதம் படிப்பித்த சேர் அவளுடைய பரீட்சைத் தாளை வகுப்பு முழுவதற்கும் வாசித்துக் காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். எந்த வரியில் பிழை விட்டாள் என்று அவர் சொல்லவில்லை. தாளை மேசையில் போட்டுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவள் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். விளங்கினாலும் விளங்காவிட்டாலும் தலையை ஆட்டுவாள். தப்பு நடந்தால் சத்தமில்லாமல் மூடி வைப்பாள். தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், எட்டு வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்தில், "அந்தப் புள்ள வாயத் தொறக்காது, தங்கமான புள்ள" என்று அவளுக்குப் பேர் வந்தது இப்படித்தான்.

பதினெட்டு வயதில் கொடகவெல பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் புவாட் நானாவின் கொமினிகேஷன் கடைக்கு வேலைக்குப் போனாள். போட்டோக்கொப்பி எடுப்பது, அடையாள அட்டைக்கு லெமினேட் போடுவது, அரசாங்கப் படிவங்களைக் கொம்பியூட்டரில் நிரப்பிக் கொடுப்பது. ஆறு வருடம் அப்படிப் போனது. நானாவின் மகள் யும்னா கொழும்பில் கொம்பியூட்டர் படித்தவள், கோகிலாவின் வயதுதான். லீவுக்கு வந்தால் கடையின் உள்பக்க மேசையில் உட்கார்ந்து யாருக்காவது வெப்சைட் எழுதிக்கொண்டிருப்பாள். கோகிலா கொப்பி மெஷினுக்குப் பின்னால் நின்று அந்தத் திரையைப் பார்ப்பாள். கேள்வி கேட்கமாட்டாள். பகலில் பார்த்த சொற்களை மனதில் வைத்துக்கொண்டு வந்து, வீட்டில் கைபேசியில் தேடுவாள். தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் பாடம் பாடமாகப் போட்டிருந்த வீடியோக்களைப் பார்த்தே அவள் பாதி கற்றுக்கொண்டாள்.

ஒருநாள் யும்னா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கோகிலா பின்னாலிருந்து மெதுவாகக் கையை நீட்டி, "இங்க ஒரு அடைப்புக்குறி குறையுது" என்றாள்.

யும்னா திரும்பிப் பார்த்தாள். "நீ எப்படி கண்டே?"

"மெஷினே சொல்லுதே அக்கா. இந்த வரியிலன்னு செவப்புல போட்டிருக்கு."

"என்னைய அக்காண்டு கூப்பிடாத, நான் ஒனக்கு மூணு மாசம் எளையவ," என்றாள் யும்னா. ஆனால் அன்றிலிருந்து மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டுவிட்டாள்.

அந்த வருடம் கொழும்பிலிருந்து ஒரு டாக்டர் குழு கண் முகாம் நடத்த வருவதாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடகவெலயில் ஒரு மண்டபத்தில் கண்களைச் சோதித்து, புரை விழுந்தவர்களில் அறுபது பேரைத் தேர்ந்து, இரத்தினபுரியில் இலவசமாகச் சத்திரசிகிச்சை செய்வார்கள். கூட்டம் நெரியாமல் இருக்க, முன்பே பெயர் பதிந்தவர்களை மட்டும் உள்ளே விடுவதாக ஏற்பாடு. ஊரில் ஏற்பாடுகளைப் பொறுப்பெடுத்த கடைக்காரர்களின் குழுவுக்கு புவாட் நானா செயலாளர். "வெப்சைட்டா? அது எங்கட கடையில செஞ்சி தாரம்," என்று சொல்லிவிட்டார். யும்னா பாதி எழுதினாள். அதற்குள் கொழும்பில் வேலை கிடைத்து, ஒரு கிழமையில் போய்விட்டாள்.

"இப்ப எனத்த செய்ற? யாருக்கிட்ட போற?" என்று நானா கடை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார்.

கோகிலா கொப்பித் தாள்களைத் தட்டி நேராக்கிக்கொண்டே, "நான் முடிச்சுப் பாக்கவா நானா?" என்று கேட்டாள். ஆறு வருடத்தில் அவள் தானாக வாய்திறந்து கேட்ட முதல் காரியம் அது.

யும்னா பயன்படுத்திய வெப் ஃபிரேம்வேர்க், அதாவது வெப்சைட் எழுத உதவும் ஆயத்தக் கட்டமைப்பு, கோகிலாவுக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதில் ஒரு படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விதி எழுதலாம். பெயர் வெறுமையாக இருக்கக் கூடாது. தொலைபேசி பத்து இலக்கம். வயது இலக்கத்தில்தான் இருக்க வேண்டும். யாராவது படிவத்தை அனுப்பினால், ஃபிரேம்வேர்க் ஒவ்வொரு கட்டமாக விதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எல்லாம் சரியென்றால்தான் சேமிக்க விடும். ஒன்று பிழைத்தாலும், எந்தக் கட்டம், என்ன பிழை என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுக்கும். அதை வைத்து அதே படிவத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். எழுதியவர் எழுதியது அழியாமல் இருக்க வேண்டும். பிழைத்த கட்டத்துக்குக் கீழே மட்டும் காரணம் தெரிய வேண்டும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணி சாக்கைத் திறந்து முற்றிய இலையைப் பொறுக்கி, உரியவள் முன்னால் வைத்து, "இத எடுத்துட்டு மறுபடி கொண்டா" என்று சொல்வதைப் போல. வீடியோவில் பதினோராவது பாடம் இதுதான். அதை அவள் மூன்று தரம் பார்த்திருந்தாள்.

அடையாள அட்டைக்கான விதியை யும்னா ஏற்கனவே எழுதி வைத்திருந்தாள். புதிய அட்டை என்றால் பன்னிரண்டு இலக்கம். பழையது என்றால் ஒன்பது இலக்கமும் கடைசியில் வீ என்ற எழுத்தும்.

கோகிலா அந்த வரியைப் பார்த்தவுடனேயே அதில் ஒன்று குறைகிறது என்று கண்டுகொண்டாள். எக்ஸ். பழைய அட்டைகளில் அந்த எழுத்தும் உண்டு. வாக்குரிமை இல்லாதவர்களுக்குப் போட்ட எழுத்து அது. தோட்டத்தில் வயதானவர்கள் பலர் அட்டை எடுத்த காலத்தில் அவர்களுக்குக் குடியுரிமை இருக்கவில்லை. பிறகு குடியுரிமை வந்தது, வாக்கும் வந்தது, இலக்கம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அவளுடைய அப்பாவின் அட்டையும் அப்படித்தான். ஒரு தடவை கடையில் அப்பாவின் அட்டையைக் கொப்பி எடுத்தபோது, பக்கத்தில் நின்ற ஒருவர், "இது என்ன எக்ஸ்? வெளிநாட்டு ஆளா?" என்று கேட்டார். கோகிலா தெரியாது என்று சொன்னாள். அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஓர் எழுத்தைச் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் முடிந்ததும் எல்லாவற்றையும் தனக்கு அனுப்பச் சொல்லியிருந்தாள் யும்னா. அவள் கேட்பாள்: இது ஏன், இது என்ன, யாருக்கு இப்படி இருக்கு? அடைப்புக்குறி குறைந்தால் மெஷினே சொல்லும். இதை மெஷின் சொல்லாது. கோகிலாதான் சொல்ல வேண்டும். அதுவும் தன் வீட்டுக் கதையோடு சேர்த்து. படித்தவள் எழுதியிருக்கிறாள், ஏதாவது காரணம் இருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த வரியைத் தாண்டிப் போனாள்.

முகாமுக்கு மூன்று கிழமை இருக்கும்போது, கடைக்காரர் குழுவுக்கு வெப்சைட்டைக் காட்ட வேண்டியிருந்தது. எட்டு ஒன்பது பேர் கடைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். புவாட் நானா பெருமையோடு தானே உட்கார்ந்து தன் விபரத்தை அடித்தார். வயது என்ற கட்டத்தில் வெறும் இலக்கத்தைப் போடாமல் "52 வயசு" என்று அடித்துவிட்டார். அந்தக் கட்டத்துக்கு ஃபிரேம்வேர்க்கின் விதியை விட்டுவிட்டு கோகிலா சொந்தமாக ஏதோ எழுதியிருந்தாள். இலக்கத்தோடு எழுத்தும் வந்ததும் அது உடைந்தது. திரை முழுக்க மஞ்சள் பக்கம் ஒன்று, மேலிருந்து கீழ்வரை ஆங்கிலத்தில், முடிவில்லாமல் ஓடியது.

"புள்ள, இது கண்ணு கேம்ப் போர்மா, கோர்ட்டு நோட்டீஸா?" என்றார் ஒரு ஹார்ட்வெயார் முதலாளி.

"இத வாசிக்கிறதுக்கே ஒரு கண்ணு ஒப்பரேசன் செய்யணும்," என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நானாவும் சிரித்தார். கோகிலா மட்டும் கொப்பி மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பழைய வகுப்பறைச் சத்தமாகவே கேட்டது.

அவர்கள் போனதும் அவள் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தாள். படிவத்தை வாங்கும் பகுதி முழுவதையும் ஒரு உறைக்குள் போட்டாள். உள்ளே என்ன உடைந்தாலும், எந்த விதி பிழைத்தாலும், வெளியே ஒன்றும் தெரியாது. எல்லோருக்கும் ஒரே பக்கம்தான் வரும். "நன்றி! உங்கள் பதிவு கிடைத்தது." அந்தப் பக்கத்துக்குத் திறந்த கண் ஒன்றின் படமும், சுற்றிவரச் சின்னப் பூக்களும் போட்டாள். இனி யாருக்கு முன்னாலும் மஞ்சள் பக்கம் வராது. சிவப்பு எழுத்தும் வராது. தோட்டத்து ஆட்களுக்கு ஆங்கிலத்தில் பிழை என்று காட்டினால் பயந்துவிடுவார்கள், இது அவர்களுக்கு நல்லதுதானே என்றுகூட நினைத்தாள். யும்னாவுக்கு அனுப்பியபோது யும்னா புது வேலையில் மூச்சுவிட நேரமில்லாமல் இருந்தாள். "வடிவாயிருக்கு" என்று ஒரு சொல் மட்டும் பதிலுக்கு வந்தது.

இருளாயி, கோகிலாவின் லயத்தில் நான்காவது வீடு. அறுபத்தேழு வயது. வயதாகித் தோட்டப் பதிவில் பேர் வெட்டி, பென்ஷன் வாங்கிய பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக இரண்டு கண்ணிலும் பால் ஊற்றியதைப் போலப் புரை. விரலால் தடவிப் பார்த்து எடுப்பாள். முற்றியது இளசு தெரியாது. கொழுந்து நிறுக்கும்போது அவள் சாக்கில் பாதி கழிவு. "இனி வராத ஆத்தா, மலையில விழுந்து வச்சா எனக்கு வழக்கு," என்று கங்காணி சொல்லிவிட்டார். அதோடு அவள் வீட்டில் உட்கார்ந்தாள். உட்காருவது அவளுக்குத் தெரியாத வேலை. மருமகள் ஷாமிளா மலையிலிருந்து வேலை முடித்து வந்தால் அவளோடு ஏதாவது சண்டை.

கண் முகாம் செய்தி வட்சப்பில் வந்ததும் ஷாமிளாதான் தன் கைபேசியில் மாமிக்குப் பதிந்தாள். நன்றிப் பக்கம் வந்ததும் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டாள். இருளாயி அதைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், ஒன்றும் தெரியாமலே, ஷாமிளா சொன்னதைக் கேட்டு, "பூவெல்லாம் போட்டிருக்கா?" என்று கேட்டுச் சந்தோசப்பட்டாளாம்.

ஞாயிறு காலை மண்டப வாசலில் பட்டியலோடு ஒரு சிங்களப் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். தமிழ்ப் பெயர்களை வாசிக்க உதவியாகக் கோகிலாவைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். முதல் பஸ்ஸில் இருளாயியும் ஷாமிளாவும் வந்தார்கள். இருளாயி திருநாளுக்குக் கட்டும் சேலையில் வந்திருந்தாள்.

"நம நேஹெ, அம்மே," என்றாள் அந்தப் பிள்ளை, பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு. பெயர் இல்லை.

"ஹொந்தட்ட பலன்ன, துவே," என்றாள் இருளாயி. நன்றாகப் பார் மகளே.

கோகிலாவும் பார்த்தாள். இல்லை. ஷாமிளா கைபேசியை எடுத்து நன்றிப் பக்கத்தின் படத்தைக் காட்டினாள். "இங்க பாரு கோகிலா, பதிஞ்சுட்டோமே. நன்றின்னு போட்டிருக்கே."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. யாரோ ஒருவர், "தோட்டத்தாளுக தெரியாமே எதையாச்சும் அமுக்கிட்டு வந்து நிக்கும்," என்றார். அவரும் தோட்டத்து ஆள்தான்.

இருளாயி அட்டையை நீட்டியபடி நின்றாள். கோகிலா அதைக் கையில் வாங்கினாள். ஒன்பது இலக்கம். கடைசியில் எக்ஸ்.

அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விதி அதை வேண்டாம் என்று தள்ளியிருக்கிறது. ஃபிரேம்வேர்க் காரணத்தைப் பட்டியலாக எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கிறது. அவள் அதை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, பூ வைத்து நன்றி சொல்லியிருக்கிறாள். சாக்கைச் சிரித்த முகத்தோடு வாங்கி, பின்பக்கம் போய்க் கழிவுநீர்க் கானுக்குள் கொட்டியதைப் போல.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவள் சொல்லவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீதான் எதையோ தப்பா அமுக்கியிருக்கே," என்று இருளாயி மருமகள் பக்கம் திரும்பினாள். "எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்னு ஓன் கையில குடுத்தேன் பாரு. எனக்குக் கண்ணு தெரிஞ்சா ஒன் தயவு வேணாம்னுருவேன்னு பயமாடி?"

"மாமி, நான் சரியாத்தான் போட்டேன் மாமி."

"வாய மூடு. ஊரு பாக்குது."

ஷாமிளா அழுதுகொண்டே கைபேசியை இடுப்பில் செருகினாள். இருவரும் வரிசையை விட்டு விலகிப் போனார்கள். மாமியாரின் கையைப் பிடிக்கப் போன ஷாமிளாவின் கையை இருளாயி தட்டிவிட்டாள். பிறகு படி தெரியாமல் தடுமாறி, தானே அந்தக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். கோகிலா அதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் வரை இன்னும் பத்துப் பேர் அப்படியே திரும்பிப் போனார்கள்.

மத்தியானம் அவள் கடையைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். வெப்சைட் ஓடும் சேவரில் யார் எத்தனை தரம் எந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்று ஒரு பதிவு இருக்கும். எண்ணிப் பார்த்தாள். படிவம் இருநூற்றுப் பன்னிரண்டு தரம் அனுப்பப்பட்டிருந்தது. சேமித்த பெயர்கள் நூற்று எழுபத்தொன்று. நாற்பத்தொரு பேர் காணவில்லை. எக்ஸ் உள்ளவர்கள், தொலைபேசிக்கு இடையில் கோடு போட்டவர்கள், புவாட் நானாவைப் போல வயதோடு எழுத்தைச் சேர்த்தவர்கள் என்று இருக்கலாம். யார் என்று தெரியாது. பிழைத்தவர்கள் எழுதியது எதையும் அவள் எங்கும் வைக்கவில்லை. அவர்களும் இரண்டாம் தரம் முயலவில்லை. நன்றி என்று பார்த்தவர்கள் எதற்காக மறுபடி வருவார்கள்?

யும்னாவுக்கு அழைத்து, எக்ஸ் உட்பட நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"விதி பிழைச்சா போர்மத் திருப்பிக் காட்டணுமே," என்றாள் யும்னா. "நீ எனத்துக்கு நன்றி சொன்னே?"

"வெக்கமா இருந்துச்சு."

யும்னா சிரிக்கத் தொடங்கினாள். பிறகு நிறுத்தினாள். "உடையிறது உடையட்டும் கோகிலா. ஆக்களுக்கு மஞ்சள் பக்கத்தக் காட்ட வாணாம், சரி. எங்கட பக்கம் கோளாறு எண்டு ஒரு வார்த்தை சொல்லணும். உள்ளுக்கு எனத்த நடந்திச்சி எண்டு லொக் பதிவுல எழுதி வைக்கணும். நீ ரெண்டையும் செய்யல்ல. எக்ஸ் எண்டு ஒண்டு ஈக்கிதா? எனக்குத் தெரியாதே. நீ சொல்லியிருக்கலாமே."

"தெரியும். சொல்லல."

புவாட் நானா மண்டபத்திலிருந்து வந்தபோது அவரிடமும் சொன்னாள். நல்ல மனிதர்தான், ஆனால் கடையின் பேர் அவருக்குப் பெரிது.

"சேவர் டவுன் எண்டு சொல்லுவோம் புள்ள. கொழும்பு ஆக்கள் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. ஒனக்கும் கரைச்சல் இல்ல."

"சேவர் டவுன் ஆகல நானா." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "நான்தான் நானா. இருளாயி பெரியம்மா அவங்க மருமகளத் திட்டிக்கிட்டுப் போறாங்க. அது ஒரு தப்பும் செய்யல."

நானா பெருமூச்சு விட்டுக் கைபேசியை எடுத்தார். கொழும்பு டாக்டர் அம்மாவின் இலக்கத்தை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, கோகிலாவுக்கு முன்னால் வைத்தார். கோகிலா சிங்களத்தில், நின்று நின்று, நடந்ததைச் சொன்னாள். டாக்டர் அம்மா குறுக்கே பேசவில்லை. கடைசியில், புதன்கிழமை காலை ஒரு டாக்டர் மண்டபத்துக்குத் திரும்ப வருவார், சத்திரசிகிச்சைப் பட்டியலை அதற்குப் பிறகுதான் மூடுவோம், அதற்குள் அந்த ஆட்களைத் தேடிப் பிடித்து அட்டையோடு கூட்டிவாருங்கள் என்றார். "எத்தனை பேரைக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டார்.

அன்று மாலையே அவள் உறையைப் பிரித்தெறிந்தாள். எக்ஸைச் சேர்த்தாள். பிழைத்தால் படிவம் திரும்பி வரும், எழுதியது அழியாது, கட்டத்துக்குக் கீழே லயத்து ஆட்களுக்கு விளங்குகிற தமிழில் காரணம் இருக்கும். "வயதை இலக்கத்தில் மட்டும் போடுங்கள், உதாரணம் 67." உண்மையிலேயே உள்ளே ஏதாவது உடைந்தால் வரும் பக்கத்தில் இப்படி எழுதினாள்: "உங்கள் பதிவு இன்னும் சேரவில்லை. கோளாறு எங்களுடையது." கீழே கடையின் தொலைபேசி இலக்கம். இந்த இரண்டு வரியை எழுத அவளுக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் எடுத்தது.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் பெரட்டுக் களத்துக்குப் போனாள். வேலைக்குப் போகும் அத்தனை பேரும் ஒரே இடத்தில் நிற்பது அந்த நேரத்தில்தான். கணக்கப்பிள்ளை யோகராஜிடம் ஐந்து நிமிடம் கேட்டாள். அவர் ஆச்சரியத்தோடு அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ள என்னமோ சொல்லணுமாம், சத்தம் போடாம நில்லுங்க," என்றார்.

நூறு பேருக்கு மேல் நின்றார்கள்.

"கண் கேம்புக்கு..." என்றாள்.

"கேக்கல புள்ள! மைக்கு வேணுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

"கண் கேம்புக்கு வெப்சைட் செஞ்சது நான். அது தப்பு. நன்றின்னு வந்தாலும் கொஞ்ச பேருக்குப் பதிவு ஆகல. அவங்க மேல தப்பில்ல, அவங்களுக்குப் பதிஞ்சு குடுத்தவங்க மேலயும் தப்பில்ல. நான் எழுதுனதுலதான் தப்பு. ஒங்க வீட்டுப் பெரியவங்க கார்டு நம்பர் கடசியில எக்ஸ் இருந்தா, அவங்க பேரு கட்டாயம் சேரல."

"எக்ஸ் கார்டெல்லாம் இப்ப யாருகிட்ட இருக்கு? அதெல்லாம் அந்தக் காலம்," என்றார் ஒருவர் அவசரமாக. பலர் தரையைப் பார்த்தார்கள். அந்த அமைதி கோகிலாவுக்குத் தெரிந்த அமைதி.

"எங்க அப்பாகிட்ட இருக்கு," என்றாள். "எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் போடாம விட்டேன். சொல்ல வெக்கப்பட்டு விட்டுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண், "எங்க மாமனாருக்கும் இருக்கு," என்றாள். பிறகு இன்னொருத்தி. கணக்கப்பிள்ளை தன் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கோகிலாவிடம் கொடுத்தார்.

கூட்டம் கலைந்து மலைக்குப் போகத் தொடங்கியபோது ஷாமிளா அவளிடம் வந்தாள். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் சரி செய்துகொண்டே கேட்டாள்.

"நேத்து வாசல்ல நீ நின்னேயில்ல?"

"நின்னேன் மதினி."

"கார்டக் கையில வாங்கிப் பாத்தே."

"பாத்தேன்."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

ஷாமிளா திட்டியிருந்தால் கோகிலாவுக்கு லேசாக இருந்திருக்கும். அவள் கூடையைச் சுமந்தபடி மற்றவர்களோடு மேட்டில் ஏறிப் போய்விட்டாள்.

இருளாயியின் வீட்டுக்கு அவள் அன்று பகல் போனாள். இருளாயி வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செய்தி அதற்குள் வந்து சேர்ந்திருந்தது.

"ஏண்டி, நான் அவள எம்புட்டுப் பேசினேன் தெரியுமா?" என்றாள் இருளாயி, கோகிலாவின் முகம் இருக்கும் பக்கத்தை உத்தேசமாகப் பார்த்து. "பஸ்ஸுல, கடைத்தெருவுல, லயத்துல. நீ செஞ்சத நீ வந்து சொல்லிட்டே. நான் பேசினத யாரு அள்ளுறது?"

கோகிலா நின்றுகொண்டே இருந்தாள்.

"சும்மா நிக்காத. அந்தப் போனக் கொண்டா. நம்பரச் சொல்றேன், அடி. எக்ஸும் போடு."

செவ்வாய் மாலை வரை அவள் மூன்று தோட்டங்களில் லயம் லயமாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தைகளைச் சொன்னாள். சொல்லச் சொல்லப் பழகும் என்று நினைத்தாள், பழகவில்லை. சில வீடுகளில் தேத்தண்ணி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு கிழவர் தன் மனைவிக்குத் தானே அடிப்பேன் என்று கைபேசியை வாங்கி, தொலைபேசி இலக்கத்தில் ஒன்றைக் குறைத்துப் போட்டார். கட்டத்துக்குக் கீழே சிவப்பு வரி வந்தது. அவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்து, "இங்க பாரு, ஒரு நம்பர் கொறையுதுன்னு சொல்லுது!" என்று பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் வெட்கப்படவே இல்லை.

முப்பத்திரண்டு பேரைக் கண்டுபிடித்தாள். புதன்கிழமை டாக்டர் எல்லோரையும் சோதித்தார். இருளாயி உட்பட ஏழு பேர் சத்திரசிகிச்சைப் பட்டியலில் சேர்ந்தார்கள். அடுத்த மாதம் இரத்தினபுரியில் இருளாயியின் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். துணைக்குப் போனது ஷாமிளாதான். அவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கோகிலாவின் வீட்டுக்கும் அது கேட்கும். ஆனால் கண் முகாம் என்ற பேச்சு அதில் வருவதில்லை. ஷாமிளா கோகிலாவோடு பேசுவாள். முன்பு போல வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசுவதில்லை.

ஒன்பது பேர் கிடைக்கவில்லை. கோகிலா வேலையை விடவில்லை. நானாவும் விடச் சொல்லவில்லை. அவள் கடையில் புதிதாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். வயதானவர்கள் அட்டை கொப்பி எடுக்க வந்தால், கண் முகாமுக்குப் பதிந்தீர்களா என்று கேட்பாள். பெரும்பாலும் இல்லை என்பார்கள். சிலர், எந்த முகாம் என்று கேட்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வெயில் காலையில், தெரியாத தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அட்டையை எடுக்கச் சட்டைப்பையைத் தடவித் தடவித் தேடினார். மேசையின் விளிம்பு எங்கே முடிகிறது என்று கையால் பார்த்து, அதன்மேல் அட்டையை வைத்தார். கோகிலா அதை மெஷினில் வைத்து மூடியபடி வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"பதிஞ்சோமுங்க," என்றார் அவர். "பேத்திதான் போன்ல போட்டுச்சு. நன்றின்னு வந்துச்சாம். பெறகு வாசல்ல போய் நின்னா, பேரில்லன்னுட்டாங்க. நாங்க எழுதுனதுல ஏதோ பெசகு போல. படிக்காத சனந்தானே."

கோகிலா மெஷினை நிறுத்தினாள்.

"இல்லங்க ஐயா," என்றாள். கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். "ஒக்காருங்க. ஒங்க பெசகு இல்ல, நான் சொல்றேன்."